முத்துலட்சுமிக்கு எத்தனை எழுத்து?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். மற்றவர்கள் பொறுமை இருந்தால் படியுங்கள்.

என் சித்தி மகள் இங்கே நல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். நம்ம ஊரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். போன வாரம் சம்பளச் சீட்டோடு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சீட்டில் அவள் பெயர் 'முத்துலட்சும' என்று இருந்தது. பெயருக்குப் பின்னால் வரவேண்டிய இன்ஷியலையும் காணோம். அவள் லைனில் இன்னொரு முத்துலட்சுமி உண்டு. அவளுக்கும் அதே அரைப்பெயர்தான். இவள் ஓவர்டைம் பார்த்த சீட்டு அவள் கைக்கும், அவள் சீட்டு இவள் கைக்குமாக மாறிவிட்டது.

"எம்பேரையே முழுசா எழுதாதவங்க, எங்கணக்க மட்டும் எப்படிங்ணா முழுசா எழுதியிருப்பாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

விசாரித்தால், அந்தக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவன் என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்தவன்! போன் போட்டேன். "அய்யா, பேருக்கு 12 கேரக்டர் இடம் விட்டிருக்கேனுங்க. முத்துலட்சுமிக்கு ஏழெழுத்துதானுங்களே, தாராளமாப் பத்தணும்" என்றான். எழுத்தை எண்ணியது சரி: மு, த், து, ல, ட், சு, மி. இலக்கணத்தில் அவனுக்கு முழு மதிப்பெண் போடலாம். ஆனால் கம்ப்யூட்டர் நன்னூல் படிக்கவில்லையே.

ஓய்வு பெற்ற பிறகு பேத்தியின் லேப்டாப்பில் கொஞ்சம் பைத்தான் பழகினேன். கணியம் தளத்தில் தமிழிலேயே பாடங்கள் கிடைக்கின்றன. முதல் வாரமே 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டேன். 5 என்றது. மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்தா? காரணம் இதுதான். யூனிகோட், 'மி' என்பதை ம ஒன்று, மேல்விலங்கு ஒன்று என இரண்டு குறிகளாக வைத்திருக்கிறது. 'ழ்' என்பது ழ ஒன்று, புள்ளி ஒன்று. நாம் வகுப்பில் க் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் க என்று படித்தோம். யூனிகோடில் க-தான் அடிப்படை. அதன்மேல் புள்ளி வைத்தால் க். தலைகீழ்! 1991-இல் யூனிகோட் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இங்கே ஏற்கெனவே இருந்த ஐஎஸ்சிஐஐ முறையைப் பின்பற்றியதால் வந்த ஏற்பாடு இது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறையையும் 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. எனக்கு அதன்மேல் ஆசை உண்டு. ஆனால் உலகம் முழுக்க ஓடுவது யூனிகோட்தான். அதோடுதான் குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

முத்துலட்சுமிக்கு இப்போது குறிகளை எண்ணுங்கள். 13 வரும். 12-இல் வெட்டினால் கடைசி மேல்விலங்கு போய் 'மி' வெறும் 'ம' ஆகிவிடும். கார்த்திகேயனுக்கும் 13, சுப்பிரமணியனுக்கும் 13. இருவருக்கும் கடைசிப் புள்ளி போய் 'கார்த்திகேயன', 'சுப்பிரமணியன' என்று அந்தரத்தில் நிற்பார்கள்.

இதோடு முடியவில்லை. கோப்பில் எழுதும்போது பெரும்பாலும் யுடிஎஃப்-8 முறைதான். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ஆக 'தமிழ்' என்பது எழுத்தில் 3, குறியில் 5, பைட்டில் 15. நீளம் கேட்டால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்கும். கோ, ரஸ்ட் இரண்டும் 15 என்கும். ஸ்விஃப்ட் மட்டும் நம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி 3 என்று சொல்லும். பிஹெச்பி-யில் மூன்றுக்கும் மூன்று தனித்தனி ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்க்காமல் எடுத்தால் பைட் கணக்கு வந்து விழும். பைட்டில் 20 என்று வெட்டினால் ஆறு குறி போக ஏழாவது குறி பாதியில் அறுபட்டு, சீட்டில் கேள்விக்குறிக் கட்டம் வரும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புரியாததல்ல. துணி கிலோவில் வரும், பனியன் பீஸில் எண்ணுவோம், சரக்கு பெட்டிக் கணக்கில் போகும். 'நூறு வந்துச்சு' என்று யாராவது சொன்னால், நூறு என்ன என்று கேட்காத சூப்பர்வைசர் உண்டா? நீளம் 12 என்றாலும் அப்படித்தான் கேட்க வேண்டும், எந்த மொழியில் நிரல் எழுதினாலும்.

சரி, மருந்து என்ன? பைத்தானில் ஓபன்-தமிழ் என்ற நிரல்தொகுப்பு இருக்கிறது. தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னின்று உருவாக்கியது. அதில் 'கெட் லெட்டர்ஸ்' என்று கேட்டால் த, மி, ழ் என்று பிரித்துக் கையில் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டில் செக்மென்டர்' இந்த வேலையைச் செய்யும். க்ஷ, ஸ்ரீ வந்தால் மட்டும் கவனம் வேண்டும். யூனிகோடின் பொது விதி அவற்றை இரண்டாக எண்ணும்.

ஆனால் என் மாணவனிடம் முதலில் சொன்னது வேறு: ஆள் பெயரை வெட்டவே வெட்டாதே கண்ணு. இடம் பத்தவில்லையென்றால் மடக்கி அடுத்த வரியில் போடு, காகிதம் ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டு பெயர் ஒன்றுபோல இருந்தால் டோக்கன் நம்பரைப் பெரிதாக அச்சடி. மறுநாளே மாற்றிவிட்டான்.

நிரல் தமிழுக்குச் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவனுக்கு ஒரு சோதனை கொடுத்தேன். நீங்களும் செய்து பாருங்கள். 'விகடகவி' என்ற சொல்லைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான் என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பைத்தானில் சாதாரணமாகத் திருப்பினால் மேல்விலங்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும். 'இரண்டும் ஒன்றல்ல' என்று பதில் வரும். எழுத்தெழுத்தாகப் பிரித்துத் திருப்பினால்தான் விகடகவி விகடகவியாக வரும்.

அடுத்தது அகரவரிசை. வெறும் குறி எண்ணை வைத்து அடுக்கினால் கனகா முதலிலும் கமலா பிறகும் வருவார்கள். யூனிகோட் அட்டவணையில் ந-வை அடுத்து ன வைத்திருப்பதால் அது ம-வுக்கு முந்திவிடுகிறது. வருகைப் பதிவேட்டில் கமலாவுக்குப் பிறகுதானே கனகா? இதற்கு ஐசியூ என்றொரு நிரல்தொகுப்பு உண்டு (பயப்படாதீர்கள், ஆஸ்பத்திரி இல்லை). மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் அது நம் வரிசையில் அடுக்கும். ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டில் கொலேட்டர்' இதே வேலையைச் செய்யும்.

எல்லாவற்றிலும் மோசமானது கண்ணுக்கே தெரியாதது. 'கொ' என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் தட்டலாம். பார்வைக்கு ஒன்றேதான், ஆனால் கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. சேமிக்கும் முன் 'நார்மலைஸ்' செய்து என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீரும். ஆனால் 'கௌசல்யா'வை ஒற்றைக்கொம்பும் ள-வும் போட்டுக் 'கெளசல்யா' என்று தட்டுகிறார்களே, அதை எந்த நார்மலைஸும் திருத்தாது. வருகைப் பதிவில் ஒரு கௌசல்யா, முன்பணப் பட்டியலில் இன்னொரு கெளசல்யா. கணக்கு எப்படிச் சேரும்?

இப்போது அவன் தன் பட்டியலில் அப்படிப்பட்ட பெயர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான். "எல்லாத்தையும் ஒரே கமாண்டுல மாத்திடட்டுங்களா அய்யா?" என்று நேற்று கேட்டான். அவசரப்படாதே என்றேன். ள-வுக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் அதைத் தொடக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வெள்ளியங்கிரியின் பெயரும் சேர்ந்து கெட்டுப் போகும்.