அயோடின் மாத்திரை பற்றித் தங்கைக்கு

அன்புள்ள கலாவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் தைராய்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அடுத்து அயோடின் மாத்திரை என்றதும் உனக்குத் தூக்கமே இல்லை என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். கதிர்வீச்சு உடம்பில் ஏறினால் இறங்காது, குழந்தை அம்முவை இனித் தூக்கவே முடியாது என்று யாரோ சொன்னார்களாமே. நான் வகுப்பில் நடத்தும் பாடம் இது. உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்லப்போகிறேன்?

நம் உப்பில் இருப்பது சாதாரண அயோடின். அதன் அணுக்கருவில் 53 புரோட்டான், 74 நியூட்ரான். அது காலமெல்லாம் அப்படியே இருக்கும். மாத்திரையில் இருப்பது அயோடின்-131. புரோட்டான் அதே 53தான், நியூட்ரான் மட்டும் நான்கு கூடுதல். டெல்லூரியத்தை அணு உலைக்குள் வைத்தால் அது ஒரு நியூட்ரானை விழுங்கி, பிறகு அயோடின்-131 ஆக மாறும்.

அந்தக் கூடுதல் நியூட்ரான்களோடு அணுக்கருவால் நிலைத்திருக்க முடியாது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறிவிடுகிறது. இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால், நியூட்ரானுக்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளில் ஒன்றுதான் வகை மாறுகிறது. அந்த நொடியில் ஓர் எலெக்ட்ரானும் ஓர் எதிர்-நியூட்ரினோவும் வெளியே பாய்கின்றன. அயோடின் செனான் ஆகிவிடுகிறது. எதிர்-நியூட்ரினோவைப் பற்றிக் கவலையே வேண்டாம். அது உன்னையும் சுவரையும் பூமியையும் ஊடுருவிப் போய்விடும், அநேகமாக எதையும் தொடாது. அப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று இயற்பியலாளர் பௌலி 1930இல் சொன்னதை 1956இல்தான் சோதனையில் பிடித்துக் காட்ட முடிந்தது.

உனக்கு மருந்தாவது அந்த எலெக்ட்ரான். அதைத்தான் பீட்டா கதிர் என்கிறோம். உடம்புக்குள் அது அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர் போகும், அவ்வளவுதான். உடம்பில் அயோடினைத் தேடி இழுத்து வைத்துக்கொள்வது பெரும்பாலும் தைராய்டு செல்தான். ஆபரேஷனில் தப்பிய செல்கள் எங்கே ஒளிந்திருந்தாலும் தாங்களாகவே மருந்தை விழுங்கி, அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் அழிகின்றன. டாக்டர் உன்னை அயோடின் உப்பை நிறுத்தச் சொன்னதும் இதற்குத்தான். அந்தச் செல்கள் பசியோடு இருந்தால்தான் மாத்திரையை ஆவலாக எடுக்கும். அதனால் உப்புப் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்கச் சொல். கடல் மீன், கருவாடு பக்கம் போகாதே.

பீட்டாவோடு காமா கதிரும் வரும். அது உடம்பைத் தாண்டி வெளியே வரக்கூடியது. அதைக் கேமராவில் பிடித்துத்தான் பிறகு ஸ்கேன் எடுப்பார்கள். உன்னைத் தனி அறையில் வைப்பதற்கும் அதுதான் முக்கியமான காரணம். இதில் ஒன்றை நன்றாக மனதில் வை: அந்தக் காமா பட்டவர் கதிர்வீச்சு உடையவராக ஆகிவிட மாட்டார். காய்ச்சல் தொற்றுவதுபோல் இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அளவைக் குறைக்க விலகி இருந்தால் போதும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் இரண்டு மீட்டருக்குப் போனால் அவர்மேல் படுவது ஏறக்குறைய கால் பங்காகிவிடும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. அந்தச் செல்கள் எடுக்காத மீதி அயோடின் சிறுநீரிலும் எச்சிலிலும் வியர்வையிலும் வெளியேறும். குழந்தையின் தைராய்டு அயோடினுக்கு ஏங்குவது. 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு பாலில் கலந்த இதே அயோடின்-131தான் அங்கே பல பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோயைக் கொண்டுவந்தது. ஆகவே தட்டு, டம்ளர், துண்டு, படுக்கை எல்லாம் உனக்குத் தனியாக இருக்கட்டும். டாய்லெட்டில் இரண்டு முறை தண்ணீர் விடு. நிறையத் தண்ணீர் குடி. நீ குடித்த டம்ளரில் அம்மு வாய் வைக்கக் கூடாது.

ஏறினால் இறங்காது என்பது சுத்தப் பொய். எட்டு நாளில் பாதி அயோடின் செனானாகிவிடும், பதினாறு நாளில் முக்கால்வாசி. எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். இது சிதைவின் கணக்கு மட்டும். சிறுநீரில் போவதையும் சேர்த்தால் உன் உடம்பில் இன்னும் வேகமாகக் குறையும்.

1938இல் லிவிங்குட்டோடு சேர்ந்து அயோடின்-131ஐக் கண்டுபிடித்தவர் கிளென் சீபோர்க். பின்னாளில் அவருடைய அம்மாவுக்கே அது மருந்தாகி ஆயுளை நீட்டித்தது. புதிதாக எதையோ உன்மேல் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று நினைக்காதே.

அம்முவை எத்தனை நாள் கழித்துத் தூக்கலாம், எத்தனை நாள் தனியாகப் படுக்க வேண்டும், அடுத்த குழந்தைக்கு எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள். உனக்குக் கொடுக்கும் அளவைப் பொறுத்து அவர்தான் சொல்ல முடியும். அவர் சொன்ன நாளுக்கு ஒரு நாளும் குறைக்காதே. அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்டு ஒரு நாளும் கூட்டாதே. தைரியமாகப் போய் மாத்திரையைப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணன்