அகத்திலிருந்து புறத்துக்கு

ராதிகா குமாரசுவாமியின் பெயர் நம் இலக்கிய வட்டங்களில் அதிகம் பேசப்பட்டதில்லை. 1953இல் கொழும்பில் பிறந்த தமிழர்; யேல், கொலம்பியா, ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களில் பயின்ற சட்ட அறிஞர். பெண்களுக்கெதிரான வன்முறையை ஆராய ஐ.நா. மனித உரிமை ஆணையம் 1994இல் முதன்முறையாக ஒரு சிறப்பு அறிக்கையாளரை நியமித்தபோது, அப்பொறுப்பை ஏற்றவர் அவரே. 2003 வரை அப்பணியில் இருந்தார்.

தமிழ் கற்பிக்கும் நாம் இவரைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். அகம், புறம் என்று வாழ்வை இரண்டாகப் பகுத்த மரபு நம்முடையது. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது இலக்கணம். காதலின் மென்மையைக் காக்கப் பிறந்த நெறி அது. கவிதைக்கு அழகு சேர்த்த அந்த மௌனத்தைப் போலவே வாழ்விலும் ஒரு மௌனம் உண்டு. 'வீட்டு விஷயம்' என்ற இரு சொற்களில் அது அடங்கிவிடும். அடித்தவன் பெயரும் வெளிவராது, அடிபட்டவள் பெயரும் வெளிவராது.

குமாரசுவாமி கைவைத்தது இந்த எல்லைக்கோட்டில்தான். குடும்பம், சமூகம், அரசு என்னும் மூன்று களங்களிலும் நிகழும் வன்முறையை அவருடைய அறிக்கைகள் ஒரே வரிசையில் வைத்து ஆராய்ந்தன. சிறைக்கூடத்தில் விழும் அடியும் சமையற்கட்டில் விழும் அடியும் மனித உரிமை மீறலே என்றும், தனியார் இழைக்கும் கொடுமையைத் தடுக்கவும் விசாரிக்கவும் தண்டிக்கவும் தவறும் அரசு அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான முன்மாதிரி வரைவு ஒன்றையும் 1996இல் அளித்தார். இந்தியாவும் இலங்கையும் 2005இல் இதற்கெனத் தனிச்சட்டங்கள் இயற்றின.

அப்பதவிக்கு ஊதியம் இல்லை. தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. அழைக்கும் நாட்டுக்குப் போகலாம், கேட்கலாம், எழுதலாம். அவ்வளவே. எனினும் எழுத்துக்கு எத்தனை வலிமை என்பதை ஜப்பான் விவகாரம் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையினரால் சிதைக்கப்பட்ட கொரியப் பெண்களுள் கிம் ஹாக்-சுன் 1991இல் தம் பெயரோடு வெளிவந்து சாட்சியம் சொன்னார். அரை நூற்றாண்டு மௌனம் அப்போதுதான் உடைந்தது. 1996இல் வெளியான அறிக்கையில் குமாரசுவாமி அக்கொடுமையை 'இராணுவப் பாலியல் அடிமைமுறை' என்றே பெயரிட்டார். ஜப்பான் சட்டப் பொறுப்பேற்று இழப்பீடு தர வேண்டும் என்றார். அறிக்கை மேற்கோள் காட்டியிருந்த ஒருவரின் கூற்று பொய்யெனத் தெரிந்ததும், 2014இல் ஜப்பான் திருத்தம் கோரியது. அது பல சான்றுகளுள் ஒன்றே என்று கூறி அவர் மறுத்துவிட்டார்.

அவருடைய வாழ்வு வெற்றிகளின் வரிசை மட்டுமன்று. 2006 முதல் 2012 வரை, போரில் சிக்கிய குழந்தைகளுக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியாக இருந்தார். சிறார் படைச்சேர்ப்பை எந்தத் தரப்பு செய்தாலும் குற்றமே என்பது அப்பணியின் அடிப்படை. ஆனால் அதே ஆண்டுகளில்தான், 2009இல், வன்னியில் தமிழ் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். அவர்களைக் காக்க ஐ.நா. தவறியதை அதன் உள்ளாய்வுக் குழுவே 2012இல் எழுதியது. ஒரு தமிழ்ப் பெண் ஐ.நா.வின் உயர்பதவியில் இருந்தும் இது நிகழ்ந்தது என்ற கசப்பை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒருவரின் நேர்மை ஒரு நிறுவனத்தின் நேர்மையாகிவிடாது.

குடவோலைக் கல்வெட்டால் பெயர்பெற்றது எங்கள் உத்திரமேரூர். பராந்தகன் காலத்து அவ்வெழுத்து ஏரிக்கு வாரியம் வைத்தது. தோட்டத்துக்கும் பொன்னுக்கும் வைத்தது. கணக்குக் காட்டாதவரைத் தேர்தலிலிருந்து விலக்கியது. வீட்டுக்குள் நடப்பதைக் கேட்க ஒரு வாரியம் அதில் இல்லை. இன்று தமிழக உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு உண்டு. 2016இல் சட்டமாகி 2019 தேர்தலில் நடைமுறைக்கு வந்த ஒதுக்கீடு அது. ஊராட்சித் தலைவியாகப் பெண் அமர்ந்திருக்கும் ஊரிலும் இரவில் கேட்கும் அலறல் 'வீட்டு விஷயம்' என்றே அடங்கிப்போவதை நாம் அறிவோம்.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவை அதிகம் பேர் படித்ததில்லை. அடிபட்டவர்தாம் வாய்திறக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கொடுமை நிகழ்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்கும் வராது. அகப்பாடல்களில் அயலார் வாய்ச்சொல்லுக்கு 'அலர்' என்று பெயர். தலைவியை அது வருத்தும், வீட்டுக் காவலில் அடைக்கும். அதே அயலாரின் வாய்ச்சொல் ஒரு பெண்ணைக் காக்கும் சாட்சியமாகலாம் என்கிறது இச்சட்டம். அடுத்த வீட்டில் இருப்பவர்கள் நாம்தாம்.