உறைபனிக் காலத்து உதகை

வெள்ளி, காலை. மேட்டுப்பாளையம்

நீலகிரியில் வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கும் டிசம்பரில் பனிக்காலம் பிறந்து, பிப்ரவரி வரை நீடிக்கிறது. மழை நாட்களில் மண்சரிவால் அடிக்கடி நின்றுபோகும் மலை ரயில், மழை விட்டபின் ஓரளவு சீராக ஓடுகிறது. உதகை வரை 46 கி.மீ.; வழியில் 208 வளைவுகள், 16 குகைகள். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் கடுமையாகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விப் பிடிக்க, எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய பாதை இது. 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பேருந்து இதைவிட விரைவாகப் போய்ச் சேரும். ஆனால் சமவெளியின் வெக்கை கழன்று, குளிர் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏறும் இன்பம் ரயிலுக்கே உரியது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். உதகை இருப்பதோ 2,240 மீட்டரில்.

வெள்ளி, பிற்பகல். குன்னூர்

காலையில் தெளிந்திருந்த பள்ளத்தாக்கை மதியத்துக்குப் பின் மூடுபனி விழுங்குகிறது. வெயிலில் சூடேறிய ஈரக் காற்று சரிவோடு மேலே ஏறிக் குளிர்ந்து, நுண்துளிகளாகிறது. கீழிருந்து பார்ப்பவருக்கு அது மேகம். சரிவில் நிற்பவருக்கு மூடுபனி. தேயிலைக்கும் இது தனிப் பருவம். குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடுகிறது. இந்த மாதங்களில் பறித்த நீலகிரித் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு. சூடான தேநீரும் வர்க்கி பிஸ்கட்டும் இருந்தால் அந்த மாலைக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

சனி, விடியற்காலை. தலைகுந்தா

மூடுபனி வேறு, உறைபனி வேறு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது; அது சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் மலை முகட்டைவிட, உதகையிலும் சுற்றிலும் உள்ள தாழ்ந்த புல்வெளிகளான தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற இடங்களில் வெண்மை அதிகம். ஆள் உயரத்தில் வெப்பமானி 2 அல்லது 3 டிகிரி காட்டும்போதே புல்நுனியில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். ஒவ்வொரு புல்லிதழின் விளிம்பிலும் ஊசி ஊசியாகப் பனிப்படிகம் நிற்கிறது. நடந்தால் காலடியில் நொறுங்கும் ஓசை கேட்கிறது. வெயில் ஏறியதும் எல்லாம் கரைந்துவிடும். எட்டு மணிக்கு எழுந்து வருபவர் காண்பது ஈரப் புல்லை மட்டுமே.

இந்த அழகு உழவருக்கு இழப்பு. கொழுந்துக்குள் இருக்கும் நீர் உறைவதால் திசு சிதைந்து, தேயிலைச் செடி தீய்ந்ததுபோல் கருகுகிறது. காய்ந்த புல்லாலும் பெரணியாலும் செடிகளை மூடிக் காப்பவர்கள் உண்டு. தோட்டங்களுக்குள் இறங்கிப் படமெடுக்க முனைவோர் உழவரின் இந்த இழப்பை நினைவில் வைப்பது நலம்.

சனி, நண்பகல். தொட்டபெட்டா

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம், 2,637 மீட்டர். தெளிந்த காற்றில் தொலைவு துல்லியமாகத் தெரிவது முற்பகல் வரைதான். வெயில் சுள்ளென்று அடித்தாலும், நிழலுக்குள் கால் வைத்தால் நடுக்கம். அடுக்கடுக்காக உடுத்துவதே இங்கே பொருத்தம். மார்கழியையொட்டி வருபவர்களுக்கு, நீலகிரியின் படகர் இன மக்கள் வெள்ளுடை அணிந்து கொண்டாடும் ஹெத்தையம்மன் திருவிழாவும் காணக் கிடைக்கலாம். கோத்தகிரி அருகே பேரகணியில் பெருங்கூட்டம் கூடும்.

சனி, இரவு. விடுதி

இருட்டியதும் வெளியே வேலையில்லை. கம்பளிக்குள் கதை பேசுவதே பொழுதுபோக்கு. ஒரே ஒரு எச்சரிக்கை மிக முக்கியம். மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்கக் கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

ஞாயிறு. இறக்கம்

குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளை மூடுபனி இறங்குமுன் கடப்பது பாதுகாப்பு. பனி சூழ்ந்துவிட்டால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி, தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்க வேண்டும். விளக்கை உயர்த்தினால் ஒளி பனியில் பட்டுத் திரும்பி ஓட்டுநரின் கண்ணையே கூசச் செய்யும்.