பின்னக் கோடு எங்கே முடிகிறது?

வேர்டில் சமன்பாட்டுப் பெட்டியைத் திறந்து (ஏ+பி)/சி என்று அடித்து ஒரு இடைவெளி விட்டால், சாய்கோடு படுத்துக்கொண்டு பின்னக் கோடாகிறது; அடைப்புக்குறிகள் காணாமல் போகின்றன. கணக்குப் பாடங்களைத் தட்டச்சு செய்து பிழைப்பவன் நான். அந்த அடைப்பை எடுத்துவிடலாம் என்ற யோசனை முதலில் யாருக்கு வந்திருக்கும் என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்த பெயர் முர்ரே சார்ஜென்ட். கணினிக்காரர் என்று நினைத்தால், ஆள் லேசர் இயற்பியலாளர். மார்லன் ஸ்கல்லி, நோபல் பெற்ற வில்லிஸ் லேம்ப் இருவருடனும் சேர்ந்து 1974இல் லேசர் பற்றிப் பாடநூல் எழுதியவர். பின்னாளில் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். ஆபீஸ் 2007இல் வந்த சமன்பாட்டு வசதியில், ஒரே வரியில் அடித்ததை மேலும் கீழுமாக அடுக்கிக் காட்டும் முறை அவர் வகுத்தது. தொகுதி எங்கிருந்து எதுவரை என்று கணினிக்குச் சொல்லத்தான் அடைப்பு. கோடு விழுந்த பிறகு அதையே கோட்டின் நீளம் சொல்லிவிடுகிறது.

அதற்கு முன் வேர்டில் இருந்தது டிசைன் சயன்ஸ் நிறுவனம் செய்துகொடுத்த எடிட்டர். மேலே ஒரு காலிக் கட்டம், கீழே ஒரு காலிக் கட்டம்; ஒவ்வொன்றாகச் சொடுக்கி நிரப்ப வேண்டும். புதிதாக வருபவருக்குச் சுலபம். நாள் முழுக்க அடிப்பவருக்குக் கை கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அலைந்தே ஓய்ந்துபோகும். 2000இல் உருவான அதன் நிரல்கோப்பு மாறாமலே கிடந்தது. 2017இல் அதில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட, 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை அகற்றியது.

கட்டங்களின் வழியே போனால் என் கேள்விக்கு விடை இல்லை. வரியாக அடிக்கும் முறைகளைப் புரட்டினேன். லிப்ரெஆபிஸில் பின்னத்துக்கு ‘ஏ ஓவர் பி’ என்று அடிக்கிறார்கள். 1989இல் வந்த வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1இலும் ஓவர். கொரியர்களின் ஹங்குல் சொற்செயலியிலும் ஓவர். டொனால்ட் குனூத் 1977இல் தொடங்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளிலும் அதே ஓவர். இவை எல்லாவற்றுக்கும் மூத்தது, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் உருவாக்கிய ஈக்யூஎன் என்ற சமன்பாட்டு நிரல். அதைப் பற்றிய கட்டுரை 1975இல் வெளிவந்தது. கணக்கும் அச்சுக்கோப்பும் தெரியாத தட்டச்சாளர்களும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம் என்கிறது அது. என் தொழில்காரர்களை நினைத்து இருவர் நிரல் எழுதியிருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஏன் இப்படிப் பேசுவதுபோல் ஒரு மொழி? கெர்னிகன் 2019இல் யூனிக்ஸ் பற்றி எழுதிய நினைவுநூலில் விடை இருந்தது. பார்வையற்றவர்களுக்காகத் தொழில்நுட்ப நூல்களை வாசித்து நாடாவில் பதிவு செய்யும் தொண்டில் அவர் ஈடுபட்டிருந்தார். மணிக்கணக்கில் சமன்பாடுகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய அந்தப் பேச்சையே தட்டச்சுக்கு மொழியாக்கினார்.

ஆனால் பேச்சில் ஒரு வில்லங்கம் உண்டு. ‘ஏ பிளஸ் பி ஓவர் சி’ என்று கேட்பவர் கோட்டை எங்கிருந்து போடுவார்? பி மட்டும் மேலே ஏறுமா, ஏயும் சேர்ந்தா? சொற்களுக்கிடையே இடைவெளி விட்டு அடித்தால், ஈக்யூஎன் பியை மட்டும் ஏற்றும். இரண்டும் ஏற வேண்டுமென்றால் நெளி அடைப்புக்குள் போட வேண்டும். அச்சில் அந்த அடைப்பு வராது. இடைவெளிக்கும் அங்கே பொருள் உண்டு: அடுக்கில் 2 போட்டுவிட்டு இடம் விடாமல் கூட்டல் குறியை அடித்தால், அதுவும் மேலே தொற்றிக்கொள்ளும். பேசும்போது மூச்சு விடும் இடம் அது. நான் தேடிய மறையும் அடைப்பு இங்கேயே இருக்கிறது. சார்ஜென்டின் முறையில் நெளி அடைப்புக்குப் பதில் நாம் கணக்கில் போடும் சாதாரண அடைப்பு. என்னைக் கேட்டால் அதுவே பெரிய உபகாரம்.

காலிக் கட்டங்களைக் கொடுத்த டிசைன் சயன்ஸும் பின்னாளில் மேத்பிளேயர் என்ற மென்பொருளை வெளியிட்டது. திரையில் உள்ள சமன்பாட்டைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவதும் அதன் வேலையாக இருந்தது. இந்த வகை வாசிப்பு மென்பொருள்கள் கோட்டை வாயால் காட்ட முடியாததால், பின்னம் தொடங்குகிறது, பின்னம் முடிகிறது என்று இரு புறமும் சொல்லிவைக்கின்றன. அச்சில் மறைந்த அடைப்பு காதில் திரும்ப வந்துவிடுகிறது.