அழகர்மலைக்கு அங்கிட்டு

மதுரை மேலூர் சாலையில் உயர் நீதிமன்றக் கிளையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு உலகனேரிக் கண்மாய் ஞாபகம் வந்துவிடும். ஐப்பசி அடைமழையில் கண்மாய் பெருகி, கலுங்கில் மறுகால் பாய்ந்த சில நாளில், விடியலுக்கு முன்னால் தலைக்குமேல் விசுவிசுவென்று சிறகடிக்கும் சத்தம் கேட்கும். அப்பத்தா பாயில் படுத்தபடியே, “சிறகி வந்திருச்சுடா” என்பாள்.

நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்ட பெயர்கள். அவளுக்கு எல்லாமே சிறகிதான். நாமக்கோழி மட்டும் தனி. நெற்றியில் வெள்ளை நாமம் இருப்பதால் பெருமாள் கோழி என்று கும்பிடுவாள். குழம்பு வைக்க அது தடையாக இருந்ததில்லை.

“எங்கிட்டிருந்து வருது அப்பத்தா?”

“வடக்கேயிருந்து.”

“வடக்கேன்னா?”

“அழகர்மலைக்கு அங்கிட்டு.”

தப்பில்லை. இமயத்துக்கும் அங்கிட்டு, கசகஸ்தான், சைபீரியப் புல்வெளிகளில் கிடக்கும் நன்னீர் ஏரிகள் குளிரில் உறைந்துவிடும். அதற்குள் கிளம்பிவிட வேண்டும், அரைக் கிலோகூடத் தேறாத நீலச்சிறகி. அந்தப் புல்வெளியில் பிறந்த சூறைக்குருவியும் கூட்டமாக வந்து நம் சோளக்கொல்லையில் இறங்கும்.

சிறகி முங்கி மேய்வது அபூர்வம். வாலை மேலே தூக்கி, தலையை நீருக்குள் விட்டுச் சேற்றைத் துழாவும். விதை, வேர், நத்தை. ஆழம் கூடினால் எட்டாது. நம் கண்மாய் அதற்கென்றே வெட்டியதுபோல இருக்கும்: மடையோரம் ஆழம், உள்வாய்ப் பக்கம் போகப்போக மேடு. தண்ணீர் வற்ற வற்ற விளிம்பு நகரும், மேய்ச்சலும் கூடவே நகரும்.

இப்படிப்பட்ட கண்மாய்கள்தான் கட்டடங்களுக்கு இடமாயின. தல்லாகுளம் கண்மாய்க்குள் மாநகராட்சி அலுவலகம் எழுந்தது. 2004-இல் உலகனேரியில் நீதிமன்றம். கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்குகளும் அங்கேதான் விசாரணைக்கு வருகின்றன. வண்டியூர்க் கண்மாயில் படகு விட்டார்கள், நடைபாதை போட்டார்கள். தண்ணீர் நின்றாலே கண்மாய் பிழைத்துவிட்டதாக நினைக்கிறோம். உள்வாயைத் தூர்த்து வீடு கட்டிவிட்டு, மிச்சத்தை ஆழமாகத் தோண்டிச் சுற்றிலும் கல் பதித்தால், அதற்குப் பெயர் தொட்டி. சிறகி ஒரு வட்டம் அடித்துவிட்டு வேறிடம் பார்த்துப் போய்விடும்.

சாமநத்தம் கண்மாய்க்கு இன்னும் பறவைகள் வருகின்றன. தை மாதம் விடியலில் போய்ப் பாருங்கள். படம் எடுப்பதற்காகக் கைதட்டிக் கிளப்பிவிடாதீர்கள். பங்குனி வாக்கில் திரும்பிப் பறக்க, அவை உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டியிருக்கிறது.