பாஸும் பிணையும்

உக்ரேனில் ஆண்களை நாட்டை விட்டு வெளியேற விடாது மறிக்கிறார்களாமே, இது எந்த நியாயம் என்று மல்வேர்னில் எம்மவர் கூடுமிடங்களிற் கேட்கின்றனர். 2022 பெப்ரவரி 24இல் அங்கு போர்க்காலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதன்பின் 18 முதல் 60 வயது வரையான ஆண்கள் எல்லை கடப்பது தடுக்கப்பட்டது. மூன்று பிள்ளைகளின் தந்தையர், உடல் ஊனமுற்றோர் முதலானோருக்கு விலக்குண்டு. 2025 ஓகஸ்டில் 22 வயது வரையான இளைஞருக்குத் தடை தளர்த்தப்பட்டது. கேட்பவர்களிற் பலர் இதனிலும் இறுக்கமான தடையின் கீழ் வாழ்ந்தவர்கள் என்பதுதான் விந்தை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வெளியேற விடுதலைப் புலிகளின் பாஸ் தேவைப்பட்டது. இளவயதினருக்கு அது எளிதிற் கிட்டாது. போகிறவர் திரும்பி வருவார் என்று ஊரிலிருக்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும். என் பெரியப்பாவும் ஒரு மருமகளுக்காகக் கையொப்பமிட்டார். அவள் இன்று இந்நகரில் பேரப்பிள்ளை காண்கிறாள். அவரோ ஊரை விட்டு எங்கும் போகாமலே கண்மூடினார்.

பாஸ் கிடைத்தாலும் வழி எங்கே? ஆனையிறவும் பூநகரியும் அடைபட்டபின் எஞ்சியது கிளாலிக் கடனீரேரி. அதனையோ அரசாங்கம் அவசரகால விதிகளின்படி தடைசெய்யப்பட்ட பிரதேசமாக்கியிருந்தது. ஒரு தரப்பின் அனுமதியோடு புறப்பட்டவர் மறுதரப்பின் சட்டத்தை மீறியே தோணியேற வேண்டியதாயிற்று. 1993 சனவரி 2ஆம் திகதி இரவு அவ்வாறு சென்ற பலர் கடற்படையின் தாக்குதலில் மாண்டனர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948இன் மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் உறுப்புரை, தன் நாடு உட்பட எந்நாட்டிலிருந்தும் வெளியேறும் உரிமை எவருக்கும் உண்டென்கிறது. இலங்கை 1980இல் இணைந்த குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரையும் அதனையே கூறி, தேசிய பாதுகாப்புக்கு அவசியமாயின் சட்டத்தினால் மட்டுப்படுத்தலாம் என்கிறது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். நாட்டினுள் நடமாடவும் நாட்டுக்குத் திரும்பி வரவும் அது வெளிப்படையாக உரிமை தருகிறது. வெளியேறும் உரிமையை அவ்வாறு எழுதி வைக்கவில்லை. வவுனியாவில் அரச படையினர் நடத்திய பாஸ் முறையை எதிர்த்து 2002இல் ஒருவர் உச்ச நீதிமன்றம் சென்று வென்றதும் அந்த நடமாட்ட உரிமையைக் கொண்டே.

எமது பிள்ளைகள் சிலர், "நீங்கள் கள்ளமாகத்தானே வந்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். பெற்றோர் தலைகுனிகின்றனர். குனியத் தேவையில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை, உயிராபத்திலிருந்து நேரே வந்து, தாமதமின்றி அதிகாரிகள் முன் சென்று தக்க காரணம் காட்டும் அகதியைச் சட்டவிரோதமாக நுழைந்தமைக்காகத் தண்டிக்கலாகாது என்கிறது. கனடாவின் 2001ஆம் ஆண்டுக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 133ஆம் பிரிவும், கோரிக்கை தீர்க்கப்படும்வரையும் அது ஏற்கப்பட்ட பின்னும், வந்து சேர்வதற்காகப் பயன்படுத்திய பொய்ப் பத்திரங்களுக்காக வழக்குத் தொடர்வதைத் தடுக்கிறது.

இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது உங்களுக்காகப் பிணை நின்றவர் யார் என்பதையும் பெயரோடு சொல்லுங்கள். அந்தப் பெயர் எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.