நாட்டுக்கோழி விலையும் நாட்டுப்பாட்டு விலையும்

மதுரையில் 'நாட்டு' என்று முன்னால் சேர்த்தால் போதும், எந்தச் சரக்குக்கும் விலை ஏறிவிடும். நாட்டுக்கோழி, நாட்டு முட்டை, நாட்டுத் தக்காளி, நாட்டுச் சர்க்கரை... எல்லாமே கூடுதல்தான். பிராய்லர் விலைக்கு நாட்டுக்கோழி கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஒரே ஒரு ஐட்டம் மட்டும் விதிவிலக்கு. நாட்டுப்புறப் பாட்டு! அதற்கு 'நாட்டு' சேர்ந்ததுமே ரேட் இறங்கிவிடுகிறது. சினிமாப் பாடகர் விமானத்தில் வருவார். நாட்டுப்புறப் பாடகர் வேனில், தவிலுக்கும் உறுமிக்கும் நடுவில் முட்டியை மடக்கிக்கொண்டு வருவார்.

இந்த ஞானம் எனக்குத் திடீரென்று பிறந்ததற்குக் காரணம் ஓர் அமெரிக்கக் கிழவர். பெயர் ஜானி கேஷ். பெயரிலேயே ரொக்கம்! பி.காம். படித்தவனுக்கு இதைவிட என்ன சிபாரிசு வேண்டும்?

அவர் பாடியது 'கன்ட்ரி'. அந்த ஊர் தெம்மாங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர். 1986-ல், கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் பாடி வந்த கொலம்பியா கம்பெனி, 'போதும் ஐயா' என்று கழற்றிவிட்டது. கிழவர் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தார் ரிக் ரூபின். ராப், ஹெவி மெட்டல் என்று காது கிழியும் சமாச்சாரங்களுக்குப் பெயர் போன தயாரிப்பாளர். பெரிய தாடி. அவர் செய்த காரியம் ரொம்பச் சின்னது. கேஷைத் தன் வீட்டு ஹாலில் உட்காரவைத்து, கையில் கிடாரைக் கொடுத்து, 'பாடுங்கள்' என்றார். டிரம்ஸ் கிடையாது. கோரஸ் கிடையாது. வயலின் கூட்டம் கிடையாது. ஒரு கிழவர், ஒரு கிடார். 1994-ல் 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' என்ற பெயரில் ஆல்பமாக வந்தது. கேஷுக்கு அப்போது வயது 62. அடுத்த வருஷம் கிராமி விருது!

இந்த ஆல்பத்தை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியதும் இயர்போனில் போட்டேன். குரலில் கரகரப்பு. நடுநடுவே மூச்சு வாங்குகிறது. ஆனால் ஒரு வார்த்தைகூடத் தப்பாமல் காதில் விழுகிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொந்தக் கதை சொல்கிற மாதிரி இருக்கிறது. விளாங்குடி தாண்டியது. பஸ் நின்றது. தலையை நிமிர்த்திப் பார்த்தால், பரவை!

பரவை என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? எனக்கும் அவர்தான். முனியம்மா.

2003 பொங்கலுக்கு 'தூள்' வந்தது. விக்ரம் அடிக்க அடிக்க, பின்னால் ஒரு பாட்டி கணீரென்று பாடினார். தியேட்டரில் விசில் விக்ரமுக்கா பாட்டிக்கா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மறுநாளிலிருந்து மதுரையில் ஆட்டோ ஹாரன் தவிர எல்லாவற்றிலும் அந்தப் பாட்டுதான். அதற்கு முன்பே அவர் எத்தனையோ வருஷம் கோயில் திருவிழா மேடைகளில் விடிய விடியப் பாடியவர் என்பது பலருக்குப் படம் வந்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் 'தமிழ்ப்படம்' உட்படப் பல படங்கள், டி.வி.யில் சமையல், 2014-ல் 'மான் கராத்தே'யில் சிவகார்த்திகேயனோடு ஒரு பாட்டு.

எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் பஸ்ஸில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் குரலைத் தனியாக, பக்கவாத்தியம் எதுவும் மேலே ஏறி உட்காராமல், நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சினிமாவில் கூடவே சண்டை. மேடையில் கூடவே மேளம். அந்தக் காலத்து நாட்டுப்புற கேசட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் கீபோர்டும் ரிதம் பேடும் போட்டுத் தாளித்திருப்பார்கள். கேசட் கம்பெனிக்காரரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் விற்றது குழாய் ஸ்பீக்கருக்கு. நாலு தெரு தாண்டிக் கேட்க வேண்டுமென்றால் மூச்சு வாங்குவதையெல்லாம் பதிவு செய்ய முடியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். முளைப்பாரிக்குக் கும்மிப் பாட்டு எடுத்துக் கொடுக்கிற ஓர் ஆத்தா அங்கே இருப்பதாக நண்பன் சொல்லியிருந்தான். எழுபது தாண்டியவர். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, மேளம் கீளம் ஒண்ணும் இல்லாம ஒத்தையில ஒரு பாட்டுப் பாடுங்களேன்."

"ஒத்தையிலயா? நான் எடுத்துக் குடுத்தா திருப்பி வாங்க ஆளு வேணாமாப்பா?"

நியாயம்தானே! கும்மியோ நடவுப் பாட்டோ, ஒருவர் எடுக்க மற்றவர்கள் வாங்க வேண்டும். பாடிக்கொண்டே குனிந்து நாற்று நட வேண்டும். நம் பாட்டு வேலையோடு பிறந்தது, கூட்டத்தில் வளர்ந்தது. 'சோலோ' என்ற சங்கதியே அதற்குப் புதுசு.

ஆத்தா கொஞ்சம் யோசித்தார். "ஒத்தையில பாடுறதுன்னா தாலாட்டுதான். கேக்குறவன் திருப்பிப் பாட மாட்டான். தூங்கிருவான்."

சிரித்துவிட்டு, ஃபேனை நிறுத்தச் சொல்லிப் பாட ஆரம்பித்தார். நாலு நிமிஷம் இருக்கும். மாமன் கொண்டுவந்த சீர் என்ன, எந்தச் சந்தையில் வாங்கியது, எந்த மாமன் வரவில்லை... எல்லாம் அதில் இருந்தது. வராத மாமனைப் பற்றிச் சொல்லும்போது குரல் லேசாக இறங்கியது. கீபோர்டு இருந்திருந்தால் அந்த இறக்கம் எனக்குக் கேட்டிருக்காது. கேஷ் கிழவரிடம் ரூபின் எதற்கு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார் என்பது அந்தத் திண்ணையில்தான் புரிந்தது.

பாடி முடித்ததும் கேட்டேன். "இதுக்கு முந்தி யாராச்சும் ரெக்கார்டு பண்ணியிருக்காங்களா ஆத்தா?"

"போன வருசம் கேமராவெல்லாம் தூக்கிக்கிட்டு ரெண்டு பயலுக வந்தாக. பாடச் சொல்லி எடுத்துக்கிட்டுப் போனாக."

"உங்க பேரு போட்டாங்களா?"

"பேரு எதுக்குப்பா? பாட்டுதான கேட்டாக."

ஆத்தா சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். எனக்குத்தான் திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார முடியவில்லை.

இதில் வரவு செலவு பார்ப்போம். 'பாரம்பரியப் பாடல்' என்றால் எழுதியவர் இல்லை, எனவே யாருக்கும் பணம் தர வேண்டாம் என்று ஒரு சௌகரியமான நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. எழுதியவர் இல்லாமல் இருக்கலாம். பாடியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறாரே! நம் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. அதில் 1994-ல் செய்த திருத்தம், பாடுகிறவருக்கும் நடிக்கிறவருக்கும் தனி உரிமை உண்டு என்றது. ஆமாம், கேஷின் ஆல்பம் வந்த அதே வருஷம்தான். முதலில் அந்த உரிமைக்கு ஆயுள் 25 வருஷம். 1999-ல் அதை 50 ஆக்கினார்கள். 2012 திருத்தம், வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டியும் உண்டு என்றது. சட்டம் தில்லியில் பத்திரமாக இருக்கிறது. சோழவந்தான் பஸ்தான் அதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

முனியம்மா கணக்கைப் பாருங்கள். ஊர் ஊராகப் பாடிய அவர் உடம்புக்கு முடியாமல் கஷ்டப்படுவதாக 2015-ல் செய்தி வந்தது. அப்போதைய முதல்வர் ஜெயலலிதா 6 லட்ச ரூபாயை வைப்பு நிதியாகப் போட்டு, மாதம் 6,000 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்தார். நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடலாம். ஆனாலும் அது உதவிப் பணம். பாடிய பாட்டு சம்பாதித்துக் கொடுத்த பணம் இல்லை. இரண்டும் லெட்ஜரில் வேறு வேறு பக்கத்தில் எழுத வேண்டியவை.

2020 மார்ச் 29-ல் முனியம்மா காலமானார். ஊரடங்கு போட்டு ஐந்தே நாள். ஆயிரக்கணக்கான ஜனங்களைத் தூங்கவிடாமல் பாடியவரை வழியனுப்பக் கூட்டம் கூட அனுமதி இல்லை. 1985-ல் 'ஆண்பாவம்' படத்தில் பாடி நடித்த கொல்லங்குடி கருப்பாயி, 2025 ஜூனில் தம் 99-வது வயதில் போய்ச் சேர்ந்தார். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்ததால் எத்தனையோ பாட்டு பிழைத்தது. 2018-ல் அந்த அம்மாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் ஒரு தம்பதி எத்தனை கிராமத்துக்குத்தான் போக முடியும்?

ஒரு சோலோ ஆல்பத்துக்கு இன்று பெரிய ஸ்டூடியோ வேண்டாம். ரூபினுக்கே வீட்டு ஹால் போதுமானதாக இருந்தது. நமக்கு ஒரு திண்ணை, பாக்கெட்டில் இருக்கிற போன், நிறுத்தி வைத்த ஒரு ஃபேன். கூடவே ஒரு வெள்ளைத்தாள். அதில் பாடியவர் பெயர், ஊர், தேதி, என்ன பாட்டு, எங்காவது போட்டுக் காசு வந்தால் அதில் அவருக்கு எவ்வளவு என்று எழுதி ஆளுக்கொரு காப்பி.

எப்படியும் ஊர்த் திருவிழாவுக்கு மேனேஜரிடம் 'காய்ச்சல்' என்று சொல்லி இரண்டு நாள் லீவு போடத்தான் போகிறீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போனில் இடமில்லை என்றால் ரீல்ஸ் நாலைந்தை அழியுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உங்கள் தெருவிலேயே ஓர் ஆத்தா இருப்பார். போய் உட்கார்ந்து முதலில் பெயரைக் கேளுங்கள். பாட்டை அப்புறம் கேட்கலாம். கிளம்பும்போது மறக்காமல் கையில் 'கேஷ்' கொடுத்துவிட்டு வாருங்கள். கிலோ நாட்டுக்கோழி விலையாவது இருக்கட்டும்!